வால்டன் குளமும் எங்கள் வீட்டுப் பீடித் தட்டும்

(இரண்டாமாண்டு, இளமறிவியல், தாவரவியல்)

‘டிரான்ஸெண்டெண்டலிசம்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது ஏதோ புது மாத்திரையின் பெயர் என்றே நினைத்தேன். ஆங்கிலத் துறைப் பேராசிரியை ஒருவர் வகுப்பில் போகிற போக்கில் சொன்ன சொல் அது. தாவரவியல் படிக்கிறவளுக்கு அதனோடு என்ன வேலை என்று விட்டிருப்பேன். ஆனால் அவர்கள் கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். அந்தக் கொள்கைக்காரர்களில் ஒருவர் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவராம். எந்தச் செடி எந்தத் தேதியில் பூக்கிறது என்று வருடக்கணக்காக எழுதி வைத்தவராம். பூவின் தேதியை எழுதி வைக்கிறவர் எங்கள் துறைக்காரர் அல்லவா? வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். அட்டை கிழிந்த ‘வால்டன்’ கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்தப் படிப்பில் எனக்குப் பிடிபட்டதையும் பிடிபடாததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கொள்கை. இதனைத் தமிழில் ‘கடந்தநிலைக் கொள்கை’ என்று சொல்லலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்ட் என்னும் சிற்றூரைச் சுற்றி, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் எழுந்தது. தலைவர் என்று சொல்லத் தக்கவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் (1803-1882). பாதிரியாராக இருந்தவர், 1832இல் அந்தப் பதவியைத் துறந்தார். 1836இல் ‘இயற்கை’ என்னும் சிறு நூலை வெளியிட்டார். கண்ணும் காதும் தருகிற அறிவு மட்டுமே அறிவன்று, அவற்றைக் கடந்து உள்ளிருந்து பிறக்கிற ஒளி ஒன்று ஒவ்வொரு மனிதனிடமும் இருக்கிறது, இயற்கைக்கு நடுவில் தனித்து நிற்கிறபோது அது துலங்கும் என்பதே சாரம். அந்த ஒளி எல்லாரிடத்தும் இருக்கிறதென்றால், ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வாழ்வானேன்? பிறரைப் பார்த்து நகல் எடுப்பானேன்? 1841இல் அவர் எழுதிய ‘தன்னம்பிக்கை’ என்ற கட்டுரை முழுவதும் இதுதான்.

இதைக் கேட்டதும், “இது நம்மூர்ச் சங்கதியாயிற்றே!” என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. பொருநைக் கரையில் ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டு பேசாமல் அமர்ந்திருந்தார் நம்மாழ்வார் என்பது நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வரும் வரலாறு. அன்றியும், எமர்சனும் தோரோவும் 1785இல் சார்லஸ் வில்கின்ஸ் ஆங்கிலமாக்கிய பகவத் கீதையைப் படித்தவர்கள். எமர்சன் 1857இல் ‘பிரம்மா’ என்று தலைப்பிட்டே ஒரு கவிதை வெளியிட்டிருக்கிறார். ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் இங்கிருந்துதான் போயிற்று’ என்று மார் தட்டுவது சரியன்று. ஜெர்மானியத் தத்துவம், ஆங்கிலக் கவிஞர்கள், அவர்கள் ஊர்த் திருச்சபைக்குள் நடந்த வழக்கு எல்லாம் சேர்ந்து விளைந்த விளைச்சல் அது. கீதை அதற்கு வாய்த்த நல்ல உரம்.

எனக்கு வியப்பூட்டிய ஒற்றுமை வேறொன்று. 1838 ஜூலையில் எமர்சன் ஹார்வர்டு இறையியல் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கடவுளைப் பழைய ஏடுகளில் மட்டும் தேடாதீர்கள், உங்களுக்குள்ளும் பாருங்கள் என்பது அவர் பேச்சின் கருத்து. பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவரை அந்தப் பல்கலைக்கழகம் பேச அழைக்கவேயில்லை. அதே காலத்தில் நமக்குத் தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், சாமிதோப்பு அய்யா வைகுண்டர் (1809-1851) ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வழிபடச் சொன்னார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கூனி நிற்க வேண்டும் என்றிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! அவரை அரசர் சிறையில் அடைத்தார். எங்கள் பக்கத்து ஊர் நிழல்தாங்கலில் இன்றும் அந்தக் கண்ணாடி இருக்கிறது. எமர்சனுக்கும் வைகுண்டருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. எமர்சன் முப்பது பக்கத்தில் சொன்னதை வைகுண்டர் ஒரு கண்ணாடியில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. எமர்சனின் அன்பர்கள் மன்னிக்க.

இனித் தோரோவுக்கு வருவோம். ஹென்றி டேவிட் தோரோ (1817-1862) எமர்சனின் இளைய நண்பர்; பென்சில் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை. 1845 ஜூலை 4ஆம் நாள் வால்டன் குளக்கரையில், எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தாமே கட்டிய சிறு வீட்டில் குடிபுகுந்தார். 1847 செப்டம்பர் 6 வரை இருந்தார். அந்த அனுபவந்தான் 1854இல் ‘வால்டன்’ என்ற நூலாயிற்று.

அந்தக் குளத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. குளிர்காலத்தில் வால்டன் உறைந்துவிடும். 1846-47 குளிர்காலத்தில் ஆட்கள் கூட்டமாக வந்து பனிக்கட்டியை அறுத்து அடுக்கியதைத் தோரோ நின்று பார்த்திருக்கிறார். அந்நாளில் பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டியை ஏற்றி, மரத்தூளைப் போட்டு மூடி, இந்தியாவரை அனுப்பி விற்றார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர். முதல் கப்பல் 1833இல் கல்கத்தா வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்று கட்டிய வட்டமான கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ். தம் குளத்து நீரைச் சென்னைக்காரர்களும் குடிப்பார்கள் என்று தோரோ தம் நூலில் எண்ணிப் பார்க்கிறார். சென்னையின் பெயரை எழுதியே சொல்கிறார். அறுத்து அடுக்கிய கட்டியில் பெரும்பகுதி விற்காமலே உருகி மறுபடி குளத்துக்குள் போய்விட்டது என்றும் அவரே எழுதுகிறார். ஆகவே வால்டன் தண்ணீரைச் சென்னைவாசிகள் குடித்தார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அமெரிக்காவில் வேதாந்தம் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கியது அதே ஐஸ் ஹவுஸில்தான். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

சரி, தத்துவம் இருக்கட்டும். என்னை அந்தப் புத்தகத்தில் பிடித்து நிறுத்தியது கணக்கு. ஆம், வரவு செலவுக் கணக்கு! முதல் அத்தியாயத்தின் பெயரே ‘சிக்கனம்’. வீடு கட்ட ஆன செலவை ஆணி, சுண்ணாம்பு, கீல் என்று ஒவ்வொன்றாக எழுதி 28 டாலர் 12½ சென்ட் என்று கூட்டிப் போடுகிறார். அந்நாளில் கேம்பிரிட்ஜில் ஒரு மாணவன் தன் அறைக்கு மட்டும் ஆண்டு வாடகையாகக் கொடுத்தது 30 டாலர் என்று ஒரு குத்தலும் வைக்கிறார். (விடுதி மாணவர்கள் கவனிக்க.) அவரை நட்டு விற்றதில் செலவு போக 8 டாலர் 71½ சென்ட் நின்றதாம். ஒரு பொருளின் விலை அதற்குக் கொடுக்கிற பணமல்ல, அந்தப் பணத்தைச் சேர்க்கச் செலவான ஆயுளே அதன் விலை என்பது இந்தக் கணக்குகளின் அடியில் இருக்கும் எண்ணம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். என் அம்மா பீடி சுற்றுகிறாள். விடியுமுன் இலையை நனைத்துத் துணியில் சுற்றி வைத்து, வேலையெல்லாம் முடிந்தபின் கத்தரியால் வெட்டி, தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் தூளை இட்டு, சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி, நாளொன்றுக்கு எண்ணூறு பீடி வரை விழும். இலைக் குறைவும் கழிவும் போகக் கையில் வருவது எங்கள் வீட்டுக் கணக்கில் ஆயிரத்துக்குச் சுமார் 250 ரூபாய். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, எல்லாரிடமும் இருக்கிறது என்று அழுது, தவணையில் ஒரு கைப்பேசி வாங்கினேன். 12,000 ரூபாய். தோரோவின் கணக்குப்படி அதன் விலை 48,000 பீடி. அதாவது அம்மாவின் கழுத்தும் முதுகும் அறுபது நாள். அந்த அறுபது நாளில் நான் பார்த்தது என்ன? யாரோ ஒருவர் வீட்டுப் பூனை, யாரோ ஒருவர் கல்யாணம், நிமிடத்துக்கு ஒரு ‘ஸ்டேட்டஸ்’. புதிதாக வந்த தந்தியைப் பற்றித் தோரோ அன்றே கேலி செய்திருக்கிறார்: இரண்டு மாநிலங்களை அவசரமாக இணைக்கிறார்கள், அவற்றுக்குள் பேசிக்கொள்ளச் செய்தி ஏதும் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை என்று.

மறுநாள் இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அவள் தலை நிமிராமல், “இப்பிடி ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் பாத்தா சோறு திங்க முடியுமாட்டி? அந்த போன்லதான உங்க சித்திட்ட முகம் பாத்துப் பேசுதேன்” என்றாள். நான் விடவில்லை. வால்டன் கதையை முழுக்கச் சொன்னேன். அவரைக் கணக்கு அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. விதைக்கு எவ்வளவு, உழவுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று, “ஏட்டி, அந்த மனுசன் துணியத் தொவச்சது யாரு?” என்றாள்.

புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். அம்மா கேட்டது சரியான இடத்தில் கேட்ட கேள்வி! துணி துவைக்கவும் தைக்கவும் ஆன வேலை பெரும்பாலும் வெளியே நடந்தது, அதற்கான ரசீது இன்னும் வரவில்லை என்று தோரோ செலவுப் பட்டியலுக்கு நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அவருடைய வீடு ஒன்றரை மைல் தூரத்தில்தான். அம்மாவும் சகோதரிகளும் அங்கே இருந்தார்கள். அவ்வப்போது போய்ச் சாப்பிட்டும் வந்திருக்கிறார். நான்கு மாதம் அகராதியோடு படித்த என் கண்ணுக்குத் தப்பிய வரி, புத்தகத்தையே தொடாத அம்மாவுக்கு அகப்பட்டுவிட்டது. அந்த வட்டத்திலேயே மார்கரெட் ஃபுல்லர் (1810-1850) என்ற அம்மையார் இருந்தார். ‘டயல்’ என்ற அவர்கள் இதழின் முதல் ஆசிரியர். 1845இல், தோரோ குளக்கரைக்குப் போன அதே ஆண்டில், பெண்களின் நிலையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

இங்கே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எளிமை வேறு, வறுமை வேறு. ஹார்வர்டில் படித்த ஒருவர், வேண்டும்போது திரும்பிப் போகலாம் என்ற நிலையில், தேவைகளைக் குறைத்துக்கொள்வது எளிமை. எங்கள் தெருவில் யாரும் தேவையைக் குறைத்துக்கொள்ள வனத்துக்குப் போக வேண்டியதில்லை. ரேஷன் கடைக்குப் போனால் போதும். தோரோவை விட ஆறு வயது இளையவர் நம் வள்ளலார் (1823-1874). வாடிய பயிருக்கும் இரங்கியவர். இயற்கையில் ஒளியைக் கண்டவர் என்ற முறையில் எமர்சனுக்கு உறவினர் என்றே சொல்லலாம். ஆனால் அவர் 1867இல் வடலூரில் முதலில் மூட்டியது அடுப்பு. பசித்தவனிடம் உள்ளொளியைப் பற்றிப் பேசுமுன் சோறு போட வேண்டும் என்ற வரிசை அவருக்குத் தெரிந்திருந்தது.

இதே சண்டையை நம் மாவட்டத்து வரலாற்றிலும் காணலாம். எமர்சன் வழிவந்த எண்ணங்களை எளிய நூல்களாக எழுதியவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர். அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார்! ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ ஆகியன அவ்வாறு வந்தவையே. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 1908இல் திருநெல்வேலியில் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர், மனம் எப்படியோ வாழ்வு அப்படியே என்று சொல்லும் நூலை மொழிபெயர்க்கிறார். அவர் மனத்துக்கு ஏற்ற வாழ்வா அவருக்குக் கிடைத்தது? 1912 இறுதியில் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பல ஆண்டு வறுமைக்குப் பிறகே வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆகவே தலைப்பை நான் அப்படியே ஒப்பவில்லை. ஆனால் அந்தச் செக்கடியில் ஒரு மனிதர் ஒடியாமல் நின்றதற்கு ஏதோ ஒன்று காரணமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் எனக்கும் எமர்சனுக்கும் வழக்கு.

தோரோவும் ஓர் இரவு சிறையிலிருந்தார். அடிமை முறையையும் மெக்சிகோப் போரையும் ஆதரிக்கிற அரசுக்கு வரி தரமாட்டேன் என்று 1846 ஜூலையில் உள்ளே போனார். மறுநாளே யாரோ வரியைக் கட்டி வெளியே விட்டுவிட்டார்கள். அந்த ஓர் இரவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் படித்து, 1907இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எடுத்து வெளியிட்டார். மீதிக் கதை எல்லாரும் அறிந்ததே.

எமர்சனின் ‘தன்னம்பிக்கை’ என்னைச் சுட்ட இடம் வேறு. முதலாமாண்டு சேர்க்கைப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்திலிருந்த பெண் ‘ஆசிரியை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். நான் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் நாளிலேயே பொய். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறை வழியாகக் கல்வி உதவித்தொகை உண்டு. அம்மாவிடம் அடையாள அட்டையும் உண்டு. வகுப்பில் அந்த அறிவிப்பைப் படித்தபோது எழுந்து நிற்க எனக்கு வாய் வரவில்லை. கடைசித் தேதி போய்விட்டது. அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது; இந்த மலர் வந்தபின் தெரியவரும். இந்த ஆண்டு படிவத்தில் திருத்தி எழுதினேன். விண்ணப்பமும் போட்டேன். எழுந்து நின்றபோது கூடவே இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். ஓராண்டாக ஒரே பெஞ்சில் இருக்கிறோம். ஒருத்திக்கு ஒருத்தி சொன்னதில்லை.

இயற்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமர்சன் காட்டுகிற இயற்கை எப்போதும் தாயாகவே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணியைப் பார்த்தவர்கள் அதை அப்படியே ஏற்க முடியாது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. படித்துறையும் தெரியவில்லை, தென்னந்தோப்பும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். இலைக்கட்டும் தூளும் நனைந்து நாறின. ஐந்தாம் நாள் ஆறு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. இந்த வகையில் தோரோ நேர்மையானவர். 1846இல் கட்டாடின் என்ற மலைமேல் ஏறி, மேகத்துக்கும் பாறைக்கும் நடுவில் நின்றபோது, இந்த இடம் மனிதனுக்காக ஆனதில்லை என்று நடுங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அவருடைய பூத் தேதிகள் என்ன ஆயின என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரிமாக்கும் அவர் குழுவினரும் அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு கான்கார்டில் மறுபடி பூக்களைப் பார்த்தார்கள். தோரோ காலத்தைவிட இப்போது அங்குச் செடிகள் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன. புவி வெப்பமடைகிறது என்பதற்கு ஒரு தனி மனிதரின் நோட்டுப் புத்தகம் சாட்சி! உள்ளொளியைத் தேடிப் போனவர், எங்கள் துறைக்கு விட்டுச் சென்றது அட்டவணை.

அதைப் படித்ததிலிருந்து நானும் எழுதி வருகிறேன். படித்துறைப் புங்கை, பள்ளிக்கூடத்துக் கொன்றை, ஆற்றோர மருது, பேருந்து நிறுத்தத்து வேம்பு என்று பதினான்கு மரங்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் தேதியும் சேர்ந்து விழுகிறது; அந்த 48,000 பீடியில் கொஞ்சம் இப்படித் திரும்பி வரட்டும். இரண்டு ஆண்டுக் குறிப்பு விஞ்ஞானத்துக்குப் போதாது என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். எழுதுவதை நிறுத்தவும் சொல்லவில்லை.

போன வாரம் நோட்டை எட்டிப் பார்த்த அம்மா, தட்டிலிருந்த இலையைக் காட்டி, “இது எப்பம் பூக்கும்?” என்று கேட்டாள். டயோஸ்பைரோஸ் மெலனோசைலான், கருங்காலிக் குடும்பம் என்று பெயரைச் சொன்னேன். வடக்கே ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசக் காடுகளில் வளர்வது. கோடையில் தளிரிலையைப் பறிப்பார்கள். பூப்பதும் கோடையில்தான் என்று நூலில் பார்த்துச் சொன்னேன். “நீ பாத்திருக்கியா?” என்றாள். இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த இலையைத் தொடாமல் அவளுக்கு ஒரு நாள் போனதில்லை. அவளும் அந்த மரத்தைப் பார்த்ததில்லை. எங்கள் துறையின் உலர்தாவரத் தொகுப்பிலும் தேடினேன், அந்த மரத்துக்குத் தாள் இல்லை. மாலையில் வந்து சொன்னேன். அம்மா கட்டைப் பிரித்து, கிழியாத, கத்தரி படாத இலை ஒன்றைத் தேடி எடுத்து, முந்தானையால் ஈரம் ஒற்றிக் கொடுத்தாள். இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே செங்கல் ஏற்றியிருக்கிறேன்.